ஒரு சின்ன ஸ்பிரிங்கின் கதை: டைமிங் பெல்ட்டை யார் இழுத்துப் பிடிப்பது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு ஸ்பிரிங்கில் ஆரம்பிக்குது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஹோட்டலில் ஒரு மசால் தோசை சாப்பிடுற காசு கூட ஆகாது. அதை மாட்டாம விட்டதால எங்க வீட்டு காரோட எஞ்சின் போச்சு.

அப்பாவோட பழைய பெட்ரோல் கார். டைமிங் பெல்ட் மாத்துற நேரம் வந்துச்சு. அப்பா 15 வருஷமா நம்புற மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்டதான் விட்டோம். ஞாயித்துக்கிழமைங்கிறதால நானும் கூடப் போனேன். நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. நம்ம ஊர்ல இது பெரிய அதிசயம் இல்ல.

பெல்ட் மாட்டி முடிச்சாச்சு. கீழே துணியில ஒரு குட்டி ஸ்பிரிங் கிடந்துச்சு. "அண்ணே, இது மாட்டலையா?"ன்னு கேட்டேன். "அது வேணாம் தம்பி. போல்ட்டை டைட் பண்ணிட்டா அதுக்கு வேலையே இல்ல. நான் கையால இழுத்து வெச்சிட்டேன், கல்லு மாதிரி நிக்கும்"னார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில 'பெரிய இன்ஜினியர் வந்துட்டாரு' எழுதியிருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

அன்னையில இருந்து எஞ்சின்ல மெல்லிசா ஒரு 'ஙொய்ங்' சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா கூடும், விட்டா குறையும். அப்பா ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கிட்டார். 8 மாசம் கழிச்சு, திண்டிவனம் தாண்டி ஹைவேயில 80-ல் போயிட்டிருக்கும்போது எஞ்சின் சட்டுனு அடங்கிடுச்சு. டென்ஷனர் பேரிங் இறுகி, பெல்ட்டோட பல் உரிஞ்சு, வால்வெல்லாம் வளைஞ்சிருந்துச்சு. அப்போ காரை வித்திருந்தா கிடைக்கிற காசுல பாதிக்கு மேல ரிப்பேர் செலவு.

அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா உக்காந்து இந்த டென்ஷனரோட வரலாற்றைப் படிச்சேன். மெக்கானிக் அண்ணன் மேல பயங்கர கோபத்தோட ஆரம்பிச்சேன். முடிக்கும்போது அந்தக் கோபம் இல்ல. ஏன்னு சொல்றேன்.

தையல் மெஷினில் பிறந்த பெல்ட்

முதல்ல அடிப்படை. எஞ்சினுக்குக் கீழே கிராங்க்ஷாஃப்ட், அதுதான் பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டும். மேலே கேம்ஷாஃப்ட், அது வால்வுகளைத் திறந்து மூடும். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் சரியாக 1 சுற்று சுற்றணும். இந்தக் கணக்கைக் காப்பாத்துறதுதான் டைமிங் பெல்ட்டோட வேலை. நிறைய எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும் இடத்துக்குள்ளேயே வால்வும் இறங்கும். ரெண்டும் வேற வேற நேரத்தில் அங்கே வரும் வரைக்கும் பிரச்சினை இல்லை. பெல்ட் சில பல் தாண்டினாலோ அறுந்தாலோ ரெண்டும் மோதும்.

பல் வைத்த ரப்பர் பெல்ட் காருக்காக வந்ததே இல்லை. 1940களில் அமெரிக்காவில், யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனியின் ரிச்சர்ட் கேஸ் அதை உருவாக்கியது சிங்கர் தையல் மெஷினுக்காக. ஊசியும் கீழே இருக்கும் கொக்கியும் நேரம் தப்பாமல் சந்திக்கணும் இல்லையா? அதே பிரச்சினைதான் எஞ்சினிலும். 1950களில் கலிபோர்னியாவின் பில் டெவின் தன் ரேஸ் காரில் கேம்ஷாஃப்டை ஓட்ட இந்த மாதிரி பெல்ட்டைப் போட்டுப் பார்த்தார்.

ஆனால் கடையில் வாங்கக்கூடிய காரில் முதலில் போட்டது ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி. பவேரியாவில் டிங்கோல்ஃபிங் என்ற ஊர். விவசாயக் கருவிகள் செய்து, அப்புறம் கோகோமொபில் என்ற குட்டிக் கார் செய்த கம்பெனி. 1961-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் கிளாஸ் 1004-ஐக் காட்டினார்கள், 1962-ல் விற்பனைக்கு வந்தது. 1966-ல் பிஎம்டபிள்யூ இந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. செயினை விட பெல்ட் சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு, எண்ணெயும் தேவையில்லை. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா?

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. ரப்பர் பெல்ட்டை எவ்வளவு இறுக்கமாக வைக்கணும்? அதை யார் பார்த்துக்கணும்? டென்ஷனர் வகைகள் எல்லாமே இந்தக் கேள்விக்குச் சொன்ன வேற வேற பதில்கள்தான்.

முதல் பதில்: மெக்கானிக்கின் விரல்

முதல் தலைமுறை பதில், 'மெக்கானிக் ஒரு தடவை இறுக்கிப் பூட்டட்டும்.' 1966-ல் வந்த போன்டியாக் ஓவர்ஹெட் கேம் 6 சிலிண்டர் எஞ்சினில் தனியாக டென்ஷனர் என்று ஒரு பாகமே கிடையாது. ஆயில் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்த அலுமினியப் பெட்டியை மேலே கீழே நகர்த்தி, அளவு பார்த்து போல்ட்டை டைட் பண்ணணும். பிற்பாடு ஓப்பெல் எஞ்சின்களில் வாட்டர் பம்பைத் திருப்பினால் பெல்ட் இறுகும். வாட்டர் பம்பையே டென்ஷனர் ஆக்கிவிட்டார்கள்.

இந்த வகையில் ரொம்பப் பேர் கையாண்டது, 1972-ல் ஆடி 80-ல் வந்து பிறகு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் வரை போன எஞ்சின். அதில் டென்ஷனர் என்பது மையம் தள்ளி ஓட்டை போட்ட ஒரு உருளை. நட்டைத் தளர்த்தி உருளையைத் திருப்பினால் பெல்ட் இறுகும், நட்டை டைட் பண்ணினால் அப்படியே நிற்கும். சரியான இறுக்கம் எது? பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து முறுக்கினால் 90 டிகிரி திரும்பணும். அவ்வளவுதான். இது ஏதோ மரத்தடி மெக்கானிக்கின் குறுக்கு வழி இல்லை மக்களே, அதிகாரபூர்வமான முறையே இதுதான்.

இந்த இடத்தில்தான் என் கோபம் முதல் தடவை ஆட்டம் கண்டது. எங்க மெக்கானிக் அண்ணன் செஞ்சதும் இதைத்தானே? கையால இழுத்தார், விரலால முறுக்கிப் பார்த்தார், பூட்டினார். ஒரு காலத்துல அது பாடம். என்ன, வேற பாடத்துக்காகச் செஞ்ச எஞ்சின்ல அதைச் செஞ்சுட்டார்.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு மெக்கானிக்கோட விரல் மாதிரி இன்னொருத்தர் விரல் இருக்காது. பெல்ட் லூஸா இருந்தா பல் தாண்டும், ஸ்டார்ட் பண்ற நேரத்துல இல்லைன்னா எஞ்சின் பின்பக்கமா லேசா உருளும்போது. டைட்டா இருந்தா உடனே ஒண்ணும் ஆகாது, மெதுவா பேரிங்கைத் தின்னும். அந்த 'ஙொய்ங்' சத்தம் அதுதான். ரெண்டு தப்புல டைட்டா இருக்கிறதுதான் ஏமாத்துற தப்பு, ஏன்னா பார்க்க 'கல்லு மாதிரி' ஜம்முனு இருக்கும்.

இரண்டாவது பதில்: ஸ்பிரிங் அளக்கும், போல்ட் பூட்டும்

அதே 1966-ல் ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர் வந்தது. எஞ்சினை வடிவமைத்தவர் ஔரேலியோ லாம்ப்ரெடி, முன்பு ஃபெராரியில் எஞ்சின் வடிவமைத்தவர். ரெண்டு கேம்ஷாஃப்டையும் பெல்ட் ஓட்டியது. அதன் டென்ஷனரில் ஒரு ஸ்பிரிங் இருந்தது.

வேலை செய்யும் முறை ரொம்ப எளிமை. டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங் உருளையை பெல்ட் மேல் தள்ளும். எஞ்சினை அது ஓடும் திசையிலேயே கையால் 2 சுற்று சுற்றணும். கேம் ஒரு முழுச் சுற்று வரும், பெல்ட் எல்லாப் பல்லிலும் சமமாக உட்காரும். அப்புறம் போல்ட்டை டைட் பண்ணணும். அதன் பிறகு ஸ்பிரிங்குக்கு வேலை இல்லை. இதை அரை ஆட்டோமேட்டிக் வகை என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் நிறைய வீடுகளின் முதல் கார், மாருதி 800. அதன் 796 சிசி எஞ்சினும் இதே குடும்பம்தான்.

கவனிச்சீங்களா? 'போல்ட்டை டைட் பண்ணிட்டா ஸ்பிரிங்குக்கு வேலையே இல்ல'ன்னு அண்ணன் சொன்னது உண்மை! அது பெல்ட்டைப் பிடிச்சு வைக்கிற பொருள் இல்லை, எவ்வளவு இறுக்கம்னு அளந்து கொடுக்கிற பொருள். காய்கறிக் கடைல எடை போட்டு முடிச்சதும் படிக்கல்லுக்கு வேலை இல்லைதான். அதுக்காகப் படிக்கல்லே இல்லாம எடை போட முடியுமா? கம்பெனி இன்ஜினியர் தன் கணக்கையெல்லாம் அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்குள்ள வெச்சு அனுப்பியிருக்கார். அதைக் கழட்டினா அந்தக் கணக்கும் சேர்ந்து போயிடுது.

ஜெர்மனியின் போர்ஷே 944 கதை இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1982-ல் வந்த கார், 2.5 லிட்டர் எஞ்சின். வால்வும் பிஸ்டனும் மோதக்கூடிய வகை. ஆரம்ப வருடங்களில் கையால் திருப்பிப் பூட்டும் டென்ஷனர்தான். ஆனால் விரலை நம்பவில்லை. பி9201 என்று ஒரு தனி அளவுகோலே செய்தார்கள். புது பெல்ட் போட்டு சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அளந்து சரிபண்ணணும். அந்தக் கருவி எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்காது, கார்க்காரரும் மறந்துவிடுவார். 1987 மாடலில் இருந்து அதே எஞ்சினுக்கு ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் கொடுத்தார்கள். மனுஷன் கருவியை வைத்து அளக்கும் வேலையில் பெரும்பகுதி எஞ்சினுக்குள்ளேயே போய்விட்டது. சாஃப்ட்வேர் மக்களுக்கு இது புரியும். எல்லாரும் கையால் மாற்றிக்கொண்டிருந்த ஒரு செட்டிங்குக்கு இன்ஸ்டாலரே சரியான மதிப்பைப் போட்டுக் கொடுத்த மாதிரி.

சூடானால் எஞ்சின் வளரும்

இதுவரை பார்த்த ரெண்டு வகைக்கும் ஒரே குறை. பூட்டியது பூட்டியதுதான். எஞ்சின் ஆறியிருக்கும்போது வைத்த இறுக்கம் சூடானால் அப்படியே இருக்காது.

சின்னக் கணக்கு போடலாம். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 23 மைக்ரான் நீளும். வார்ப்பிரும்பு சுமார் 11. கிராங்குக்கும் கேமுக்கும் நடுவில் 300 மில்லிமீட்டர் தூரம், சூடு 80 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு அலுமினிய எஞ்சின் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளரும், இரும்பு அதில் பாதிதான். பெல்ட் ரெண்டு பக்கமும் ஓடுவதால் அதற்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரியும். பெல்ட்டுக்குள் இருக்கும் கண்ணாடி இழை நார் அந்த அளவுக்கு நீளாது. அதாவது எஞ்சின் சூடாக ஆக பெல்ட் இறுகும்.

இரும்பு எஞ்சின் காலத்தில் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1977-ல் போர்ஷே 928 வந்தபோது பொறுக்க முடியவில்லை. 4.5 லிட்டர் அலுமினிய வி8, பெல்ட் நீளம் 2 மீட்டருக்கு மேல். அதற்கு அவர்கள் செய்த டென்ஷனருக்குள், எண்ணெயில் மூழ்கிய இரட்டை உலோகத் தட்டுகள் அடுக்கியிருக்கும். சூடு ஏற ஏறத் தட்டுகளின் வளைவு மாறும், டென்ஷனர் அதற்கு ஏற்ற மாதிரி நகரும். அடிப்படை இறுக்கத்தை மெக்கானிக் வைப்பார், சூட்டுக்கான திருத்தத்தை டென்ஷனரே செய்யும். பிந்தைய மாடல்களில் பெல்ட் தளர்ந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கே எரியும். அருமையான யோசனைதான். ஆனாலும் உள்ளே எண்ணெய் இருக்கா என்று யாராவது பார்க்கணும், இறுக்கத்தை அவ்வப்போது அளக்கணும். இன்றைக்கு 928 வைத்திருப்பவர்கள் சிலர் இதைக் கழட்டிவிட்டு, ஆடி எஞ்சினுக்காகச் செய்த ஹைட்ராலிக் டென்ஷனரைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ வேற வழியில் போனது. ஜுசெப்பே புஸ்ஸோவின் வி6 எஞ்சின் 1979-ல் ஆல்ஃபா 6 காரில் வந்தது, அடுத்து ஜிடிவி6-ல். அதில் ஸ்பிரிங் பெல்ட்டை இறுக்கும். எஞ்சின் ஓடி ஆயில் பிரஷர் வந்ததும் அதே ஆயில் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தும். புத்திசாலித்தனமான வடிவமைப்பு. ஆனால் ரப்பர் பெல்ட்டுக்கு எதிரியே எஞ்சின் ஆயில்தான். டென்ஷனரின் சீல் வயசானதும் ஆயில் கசிந்து நேராக பெல்ட் மேல் இறங்கும். காப்பாத்த வந்தவனே ஆபத்தாயிட்டான். அப்புறம் இதே எஞ்சினுக்கு ஆயில் இல்லாத மெக்கானிக்கல் டென்ஷனர் வந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பலரும் அதை வாங்கி மாற்றிக்கொண்டார்கள்.

மூன்றாவது பதில்: எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும் கை

கடைசியாக வந்தது முழு ஆட்டோமேட்டிக். இதில் பூட்டுவது என்பதே கிடையாது. டென்ஷனர் எஞ்சின் ஓடும் நேரம் முழுக்க பெல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெல்ட் தேய்ந்தாலும், எஞ்சின் வளர்ந்தாலும் தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

இதில் ஸ்பிரிங் மட்டும் போதாது. 4 சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது கேம் 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50. ஒவ்வொரு சுற்றிலும் வால்வு ஸ்பிரிங்குகள் கேமை 4 தடவை எதிர்த்துத் தள்ளினால், பெல்ட் நொடிக்கு 200 தடவை உதறும். வெறும் ஸ்பிரிங் அந்த உதறலோடு சேர்ந்து ஆட ஆரம்பித்துவிடும். ஷாக் அப்சார்பர் போன பைக் மாதிரி. அதை அடக்க ரெண்டு வழி. ஒன்று, உருளைக்குள்ளேயே சுருள் ஸ்பிரிங்கையும் உராயும் வளையத்தையும் வைப்பது. இன்னொன்று, சொந்த எண்ணெயோடு மூடி சீல் வைத்த ஹைட்ராலிக் குழாய். 1989-ல் வந்த லெக்சஸ் எல்எஸ் 400-ன் வி8-ல் இந்த ஹைட்ராலிக் வகைதான். எஞ்சின் ஆயிலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஆல்ஃபாவின் பிரச்சினை இங்கே வராது.

அப்போ மனுஷ தப்பே நடக்காதா? நடக்கும், இடம்தான் மாறியிருக்கு. உராய்வு வகையில் ஒரு முள் இருக்கும், அது குறியீட்டுக்கு நேராக நிக்கணும், உருளையைச் சரியான திசையில திருப்பணும். எதிர்த்திசையில் திருப்பினாலும் பார்க்கச் சரியா இருக்கிற மாதிரியே தெரியும், ஓடினாதான் குட்டு வெளிப்படும். ஹைட்ராலிக் வகையை வைஸில் வைத்து மெதுவா அமுக்கி, ஓட்டையில் பின் குத்தி, எஞ்சினில் மாட்டின பிறகுதான் பின்னை உருவணும். வேகமா அமுக்கினா உள்ளே சீல் போயிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

ரேஸ் கார் வைத்திருப்பவர் அசையாமல் பூட்டும் வகையைக் கேட்டால் அதில் நியாயம் இருக்கு. எஞ்சினை அடிக்கடி திறந்து பார்ப்பார், அளவு எடுப்பார், அசையும் பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி. நம்ம கார் அப்படியா? மார்கழிக் காலையில ஸ்டார்ட் ஆகி, சித்திரை வெயில்ல டிராஃபிக்ல நின்னு, அஞ்சு வருஷம் யாரும் அந்த மூடியைத் திறக்காம ஓடுது. தினசரி ஓட்டுற காருக்கு முழு ஆட்டோமேட்டிக் வகைதான் பொருத்தம். அது புதுசுங்கிறதால இல்ல, நாம மறந்துடுவோம்ங்கிறதை அது முன்கூட்டியே ஒத்துக்குது, அதனாலதான்.

ஆனா வேற எஞ்சினோட டென்ஷனரைக் கொண்டுவந்து மாட்டணும்னு அர்த்தம் இல்ல. உங்க எஞ்சினுக்கு எந்த வகைன்னு கம்பெனி முடிவு பண்ணியிருக்கோ அதுதான் முதல் தேர்வு. பெல்ட்டோட பல், புல்லிக் கோணம், வால்வு ஸ்பிரிங்கோட பலம் எல்லாம் அதை வெச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கும். 944, ஆல்ஃபா மாதிரி அதே எஞ்சினுக்குப் பின்னாடி மேம்பட்ட வகை வந்திருந்தா, அது உங்க எஞ்சின்ல உக்காரும்னு உறுதியானா, அதுக்கு மாறலாம். அரை ஆட்டோமேட்டிக் வகைன்னா பெல்ட் மாத்துற ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்கும் புதுசு. எந்த வகையா இருந்தாலும் பெல்ட் மட்டும் புதுசு, டென்ஷனர் பழசுன்னு விடாதீங்க. ரெண்டும் ஓடின தூரம் ஒண்ணுதான். பெல்ட்டே வாட்டர் பம்பையும் ஓட்டுதுன்னா அதுவும் சேர்த்தி.

அப்புறம், பில் பார்த்து பேரம் பேசுறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இதுல டென்ஷன் வைக்கிறது நீங்களா, ஸ்பிரிங்கா?"

எங்க கதையோட முடிவையும் சொல்லிடறேன். எஞ்சின் ஹெட் வேலையை வேற ஒருத்தர்கிட்ட கொடுக்கலாம்னு நான் பிடிவாதமா நின்னேன். அப்பா கேக்கல. "15 வருஷப் பழக்கம்டா, ஒரு தடவை தப்பு நடந்தா ஆளையே மாத்திடுவியா?"ன்னார். அதே மெக்கானிக் அண்ணன்தான். கூலி வாங்க மாட்டேன்னுட்டார். இந்தத் தடவை நான் சர்வீஸ் மேனுவலை மொபைல்ல திறந்து வெச்சு, ஃபியட் கதையில இருந்து எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டார். "அப்போ இது இழுத்துப் பிடிக்கிறதுக்கு இல்ல, அளந்து கொடுக்கிறதுக்கா?"ன்னு கேட்டார். "ஆமாண்ணே."

ஸ்பிரிங்கை மாட்டினார். ஸ்பேனர் போட்டு எஞ்சினை ரெண்டு சுத்து சுத்தினார். போல்ட்டை டைட் பண்ணினார். அப்புறம் பழக்க தோஷத்துல பெல்ட்டை ரெண்டு விரலால பிடிச்சு முறுக்கிப் பார்த்துட்டுச் சொன்னார்: "நான் வெச்சதை விட லூஸா இருக்கு தம்பி. சத்தம் வராது."

இன்னைக்கு வரைக்கும் வரல.

உங்க வீட்டு காரில் பெல்ட்டா செயினா, பெல்ட்டுன்னா எந்த வகை டென்ஷனர்னு விசாரிச்சு எங்களுக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.